உப்பாத பூரி

யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம். செல்லூர்க் கடை வாசலில் டின்னோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும்.

“எனக்கு எடுத்து வைக்கிற பூரி வறட்டி மாதிரி கெடக்கு. ஒண்ணாச்சும் உப்பியிருக்காடி?” என்றார் மாமியார்.

“இல்ல அத்தே.”

“மெட்ராஸ் போயி ஓட்டல்ல தின்னுட்டு வந்ததுலருந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு. நான் கோயிலுக்குப் போனதும் அடுப்படில பூந்துக்கிறீக. அந்த ருசி வந்துச்சா?”

“வரல.”

“கெழங்காச்சும்?”

“அதுவும் வரல.”

“பெறகு என்னத்தடி அங்கருந்து கத்துக்கிட்டு வந்த?”

மருமகள் டின்னைக் கீழே வைத்தாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“அங்க அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்துல எலை போட்டாக. பக்கத்துல பக்கத்துல உக்காந்து தின்னோம். அவரு தின்னு முடிக்கட்டும்னு யாரும் என்னைய நிக்க வைக்கல. நீங்க கோயிலுக்குப் போனதும் நாங்க அப்புடித்தான் உக்காருறோம்.”

“ஆம்பளைக்குச் சமமாவா?”

“ஆமா. பூரி என்னைக்காச்சும் உப்பும். உப்பாட்டாலும் சரி, இனி நீங்க வீட்ல இருக்கையிலயும் உக்காருவேன்.”