புகைபோக்கிச் சீட்டு

மொழிபெயர்ப்பாளரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மேடம். பாவம், விடுமுறை நாளென்றும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும். லில் நகரத்துக்கு வந்த நாலு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சந்தைக்காரர்கள் பேசும் வடக்குப் பேச்சுக்கூட எனக்கு அத்துப்படி.

என் பெயர் நெஸ்தான். ஊர் ஜார்ஜியாவில் ருஸ்தாவி. இங்கே ஒரு துணி நிறுவனத்தில், எங்கள் பக்கத்து நாடுகளுக்குப் போகும் சரக்கைக் கவனித்துக்கொள்கிறேன். மதாம் தோந்த் என்ற அம்மாளின் செங்கல் வீட்டில் முதல் மாடியில் குடியிருக்கிறேன். எனக்கு மேலே, கூரைக்கு அடியில் இருந்த அறையைத் தம்தாவுக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நான் நல்லதும் செய்திருக்கிறேன்.

தம்தா போன பிப்ரவரியில் வந்தாள். என் ஊர்க்காரி, இருபத்தாறு வயது, என் அலுவலகத்திலேயே வேலை. வேலையில் படுசுட்டி, பிரெஞ்சு மட்டும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாஸெம் சந்தைக்குப் போய், சுட்ட கோழி ஒன்று வாங்கிக்கொண்டு வருவோம். சாப்பிட்டு முடித்ததும் அந்த வாரம் வந்த கடிதங்களை எல்லாம் அவள் என் மேசையில் கொட்டுவாள். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வேன். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான். எனக்கு ஒரு பல்கேரியக்காரி படித்துச் சொன்னாள். படித்துச் சொல்பவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் நமக்குப் பிரான்ஸ்.

செப்டம்பரில் மேலாளர் வாஸர் என்னைக் கூப்பிட்டார். வசந்தத்தில் என் இடமும் தம்தாவின் இடமும் ஒன்றாகிவிடும், யார் இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாலு வருஷம் கூட வேலை செய்தவளிடம் ஒருவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

என் குடியிருப்பு அட்டை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் என் முன்னாள் கணவர் இருக்கிறார். அவர் என்னை அடித்ததைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு ஒரு படம் அனுப்புவார். என் அம்மா வீட்டு வாசற்கதவு. வேறு ஒன்றும் எழுத மாட்டார். இந்த வருஷத்துப் படத்தில் கதவு திறந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். சோறு இறங்கவில்லை. மெட்ரோவில் யாராவது பின்னால் வந்து நின்றால் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிடுவேன்.

அக்டோபர் கடைசியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மதாம் தோந்த் இடுப்பெலும்பு முறிந்து டன்கர்க்கில் தங்கை வீட்டில் இருந்தார். அதனால் அந்த மனிதர் சீட்டைத் தம்தாவின் கதவடியில் செருகிவிட்டுப் போய்விட்டார். அதன் நகல்தான் உங்கள் கையில் இருக்கிறது. மேலறையைச் சூடாக்கும் கரிக்கணப்பின் புகைபோக்கியைக் காக்கைக் கூடு அடைத்திருக்கிறது, மூட்டினால் நச்சுப்புகை அறைக்குள்ளேயே தங்கும், தான் திரும்பி வரும்வரை எக்காரணம் கொண்டும் மூட்ட வேண்டாம் என்று கீழே கையால் எழுதியிருக்கிறார்.

அந்த ஞாயிறு தம்தா அதையும் கொண்டுவந்தாள். மின்கட்டணம், நூலகத்து நினைவூட்டல், அதற்கப்புறம் இது. சுத்தம் செய்தாயிற்று என்று சொல்லிவிட்டு மடித்தேன்.

"கீழ கையால என்னமோ எழுதியிருக்காரேக்கா?"

"தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்டி."

எழுத்து கிறுக்கலாக இருந்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. முத்து முத்தாக எழுதியிருந்தார். ஆனால் கணப்பை மூட்டு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் அறையில் என்னுடைய மின்சார ஹீட்டர் ஒன்று இருந்தது. வந்த புதிதில் நான் கொடுத்தது. திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கேட்டேன். என் பொருள்தானே. கனமாக இருக்கும் என்று அவளே படியிறங்கித் தூக்கிவந்து என் அறையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் குளிரே இல்லை. எனக்கு அந்த நாட்கள்தான் கொடுமை. மூட்டிவிடுவாளோ என்று பயம். மூட்டாமலே இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயம். காலையில் கண் விழித்ததும் மேலே காலடி கேட்கிறதா என்று கேட்பேன். கேட்டால் நிம்மதியாக இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

சனிக்கிழமை எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். காலையிலேயே மேலே கரிவாளியின் சத்தம் கேட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தம்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தலை வெடிக்கிறது, கால் துவளுகிறது, சளி பிடித்திருக்கும் என்றாள். உட்காரவைத்துச் சிக்கரி காபி கொடுத்தேன். என் சமையலறையில் அரைமணி நேரம் இருந்ததும் முகம் தெளிந்துவிட்டது. அப்போதுதான் சொன்னாள்.

"ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். லியோன்ல எனக்கு வேலை கெடச்சிருச்சு. வாஸர்கிட்ட நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். எடம் இனி ஒங்களுக்குத்தான். நீங்க தூங்காம நடந்துக்கிட்டே இருக்கறது மேல எனக்குக் கேக்குதுக்கா."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடிப்பு இல்லை, மேடம். அந்த நிமிஷத்தில் அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அவள் எழுந்து, கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். தலைவலி மாத்திரை கொடுத்தேன். பனி உள்ளே வராமல் ஜன்னலை நன்றாகச் சாத்திக்கொள் என்றேன். மேலே நாற்காலி நகர்ந்தது, கட்டில் முனகியது, அப்புறம் சத்தமே இல்லை. தீயணைப்புப் படையை நான் கூப்பிட்டது மாலை ஐந்து மணிக்கு. அதற்குள் அவள் உயிர் போயிருந்தது.

இடம்தான் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்காக என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடத்தான் போனேன். படிக்கட்டுவரை போய் நின்றேன். கணப்பை அணை என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த வரியை நான் அன்றைக்கே படித்துவிட்டேன் என்பது தெரிந்துபோகும். அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள், மேடம். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவாளே என்று எனக்குப் பயமாக இருந்தது.