ஆறு மணி இல்லாத கடிகாரம்

மல்லேஸ்வரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால், முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும் பையுடன் நின்ற அம்மாள் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

"எங்க வீட்டுல இனிமே ஆறு மணி கிடையாது."

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நம்ம எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிய விட்டுப் போயிட்டாரில்ல? எலெக்‌ஷன் அப்போ அவர் போட்டோ போட்டு வீட்டுக்கு வீடு கடிகாரம் குடுத்தாரே, அதுல இருந்த கட்சிச் சின்னத்து மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன். அதுல ஆறும் மறைஞ்சு போச்சு."

"கடிகாரத்தையே கழட்டிப் போட்டுடலாமே?"

"சீச்சீ! அந்த மனுஷன் எங்க கிருகப்பிரவேசத்துக்கு வந்து ரெண்டு தடவை கேசரிபாத் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அவரு மூஞ்சிய எப்படிக் கழட்டறது? நமக்குக் கோபம் கட்சி மேலதான்."

"அதெல்லாம் சரி. குழாய்ல காவேரித் தண்ணி ஆறு மணிக்குத்தானே விடுவாங்க? நேரம் எப்படித் தெரியும்?"

"இவங்க ஆட்சியில தண்ணியப் பாத்து எத்தனை நாளாச்சு? முதல்ல தண்ணியத் திறந்து விடச் சொல்லு. அன்னிக்கே நான் ஆறு மணியத் திறந்து விடறேன்."