பன்னெண்டேகால் மணி மேகம்

— பேட்டரியில ஒரு குறையும் இல்லக்கா. ஒயரு, கூரைமேல இருக்கிற சோலார் பேனல் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன். வண்டி தங்கமா இருக்கு.

— தங்கமா இருக்கிற வண்டி நேத்து பாலத்துமேல ஏன் தம்பி நின்னுச்சு? டயாலிசிஸ் முடிஞ்சு வந்த போஸ்ட்மாஸ்டரு உள்ள. நிக்கவே தெம்பில்லாத மனுஷன், நானும் தள்ளறேன்னு இறங்கறாரு. இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பார்த்துக்கறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

— நிதானமா முதல்லேருந்து சொல்லுங்க. காலையில சார்ஜ் எவ்வளவு?

— நூறு. ராத்திரி வீட்டு பிளக்குல போட்டுடுவேன். காலையில நோயாளிங்களை ஏத்தி இறக்கி முடிச்சா நாப்பதுக்கு வந்துடும். பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால மொட்டை வெயில்ல நிறுத்துவேன். ரெண்டரை வரைக்கும் வெயில் குடிச்சா அறுபதைத் தொடணும். அதை வச்சுத்தான் சாயந்திர நடை. வாங்கின புதுசுல தொட்டுச்சு. இப்ப ஒரு மாசமா நாப்பதைவிட்டு நகர மாட்டேங்குது.

— அங்க மரம், கட்டட நிழல் ஏதாவது?

— காக்கா ஒதுங்கக்கூட நிழல் கிடையாது.

— இந்தப் போனைப் பாருங்க. பேனல் எப்ப எவ்வளவு கரண்ட் எடுத்துச்சுன்னு இதுல வரும். பன்னெண்டேகால் வரைக்கும் கோடு மேல ஏறுது. அப்புறம் பொத்துன்னு விழுது. ரெண்டேகாலுக்குத்தான் மறுபடி எழுந்திருக்குது. நடுவுல ராத்திரி மாதிரி.

— மேகமா இருக்குமோ?

— தினமும் பன்னெண்டேகாலுக்கு வந்து ரெண்டேகாலுக்குக் கிளம்பற மேகமா? அதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேற.

— ஞாயித்துக்கிழமை வண்டி வீட்டு வாசல்ல நிக்கும்.

— அப்ப அந்த இடத்துலதான் என்னமோ நடக்குது. வண்டிகிட்ட யாராவது வர்றாங்களா?

— தெரியலையே தம்பி. நான் உள்ளதான் இருப்பேன். ஆனா பின் சீட்டுல படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்.

— அந்த வெயில்லயா? வெந்துடுவீங்களே.

— முதல்ல வெந்துச்சு. இப்ப உள்ள ஜில்லுன்னு இருக்கு. வெயிலையெல்லாம் பேனல் உறிஞ்சிக்குதுன்னு நெனச்சேன்.

— பேனல் அப்படியெல்லாம் உறிஞ்சாதுக்கா. எனக்கே தலை சுத்துது.

— எனக்கு ஒரு ஆள்மேல சந்தேகம். என் வீட்டுக்காரரு.

— மாமாவா? அவரு எதுக்கு?

— அவரோட டீசல் வேனை, அவரைக் கேக்காம வித்துட்டுத்தான் இதை வாங்கினேன். மூணு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. இப்ப ஆஸ்பத்திரிக்குப் பின்னால மருந்துக் கிடங்குலதான் லிப்ட் ஓட்டறாரு.

— இருங்க, கூப்பிட்டே கேட்டுடுவோம். ஹலோ, மாமா? அக்கா வண்டி நின்னுடுச்சு. ஷெட்டுக்கு ஒரு எட்டு வர்றீங்களா?

— மெக்கானிக்கு, என்னப்பா ஆச்சு? கிடங்குலேருந்து ஓட்டமா ஓடி வந்துட்டேன். அவளுக்கு ஒண்ணும்... அதாவது, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?

— உக்காருங்க மாமா. மூச்சு வாங்குது பாருங்க.

— தம்பி, மத்தியானத்துல இந்த வண்டிக்கு என்ன ஆகுதுன்னு அந்த ஆளைக் கேளுங்க.

— மாமா, அக்கா என்ன கேக்கறாங்கன்னா...

— காதுல விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு. நான் பக்கத்துலதானே இருக்கேன்.

— பக்கத்துலயா? கேட்டுக்கோங்க தம்பி.

— மாமா, நிதானமா சொல்லுங்க. வண்டியை ஏதாவது செஞ்சீங்களா?

— வண்டியையா? இல்லையே. அதாவது, மேல படுதா போடுவேன். அவ்வளவுதான்.

— படுதாவா?

— பழைய வேன்ல இருந்தது. நல்லா நனைச்சுக் கூரை முழுக்க விரிப்பேன். காயக் காயத் தண்ணி தெளிப்பேன். சரக்கு லாரி ரெண்டரைக்குத்தான் வரும். அதுக்குள்ள எடுத்து மடிச்சுடுவேன்.

— பார்த்தீங்களா தம்பி? என் வண்டியை முடக்கணும்னே செஞ்சிருக்காரு.

— முடக்கவா? கூரையில துணி போட்டா வண்டி எப்படிப்பா முடங்கும்?

— மாமா, இந்த வண்டிக்கு வெயில்தான் தீனி. மேல கறுப்பா இருக்கே, அதுமேல வெயில் விழுந்தாத்தான் சார்ஜ் ஏறும்.

— அது ஏதோ கண்ணாடிக் கூரைன்னு நெனச்சேன். ராத்திரி பிளக்குல போடறா, அதுல ஓடுதுன்னு இருந்தேன். எனக்கு யாரு சொன்னா? வண்டி வந்த நாள்லேருந்து பேச்சே இல்லையே.

— எதுக்குத் துணி போட்டாராம்? கேளுங்க.

— ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மூஞ்சியெல்லாம் செவந்து, வேர்த்து ஊத்தி, தூக்கத்துல முனகிட்டுக் கிடந்தா. எழுப்பினா சண்டை வரும். அதாவது... மனசு கேக்கல.

— அக்கா? கேட்டீங்களா?

— அதான் உள்ள ஜில்லுன்னு இருந்துச்சா, தம்பி.

— எனக்கு இன்னும் ஒண்ணு புரியலக்கா. வீடு அடுத்த தெருவுலதானே இருக்கு. வண்டியை வெயில்ல விட்டுட்டு வீட்டுல போய் ஃபேன் போட்டுப் படுக்கலாமே. ஏன் அதுக்குள்ளயே கிடந்து வேகறீங்க?

— அங்கேருந்து பார்த்தாத்தான் தம்பி கிடங்கு வாசல் தெரியும். ஏங்க, என்மேல இருக்கிற கோவத்துல நீங்க காலையில வெறும் வயித்தோட கிளம்பிடறீங்க. மத்தியானமாவது அந்த வாசல்ல உக்காந்து சாப்பிடறீங்களான்னு பார்த்துட்டுத்தாங்க நான் கண்ணை மூடுவேன்.