இருபத்தைந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி

பழைய தொலைக்காட்சித் தொடர்களை டிவிடியாக வெளியிடும் கம்பெனிகளை எடைபோட எனக்கு ஒரு கைக்கடிகாரம் போதும். அட்டைப்படத்தை நான் பார்ப்பதில்லை, ஓடும் நேரத்தைத்தான் பார்ப்பேன். மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று அந்தக் காலத்தில் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நிமிடம் வெட்டினார்கள். சோம்பேறிக் கம்பெனிகள் அந்த வெட்டிய பிரதியையே பெட்டியில் போட்டு, ‘முழுத் தொகுப்பு’ என்று அச்சடித்து விற்கும். பதினெட்டு வருடமாக என் இணையப் பக்கத்தில் அவர்களுக்கு மதிப்பெண் போடுகிறேன். யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

மார்லா, நீ கேட்டது நியாயமான கேள்வி. நான் வந்தபோதே உன் அப்பா ஹார்லன் இறந்திருந்தார் என்று போலீஸிடம் சொன்னேன். அப்படியானால் ‘ஆஷ் க்ரீக்’ தொடரின் கடைசிப் பகுதி ஓடிய நேரம் அன்றைய தேதியில் என் குறிப்பேட்டில் எப்படி வந்தது?

அந்தப் பகுதியின் வெட்டுப்படாத ஒரே பிரதி உங்கள் டொலீடோ வீட்டு நிலவறையில்தான் இருந்தது. நாற்பது வருடமாக ஹார்லன் அதை எனக்குக்கூடக் காட்டியதில்லை. மறுநாள் டிவிடி கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்ததால், அன்று மதியம் கூப்பிட்டான்.

“போனா திரும்பி வருமோ என்னவோ. வா, ஒரு தடவ பாத்துருவோம்.”

“அவனுங்க வெட்டாமப் போடுவானுங்களா?”

“நீதான் கடிகாரத்தத் தூக்கிட்டு வாசல்ல நிப்பியே வெர்னன். பயந்துக்கிட்டாவது போடுவானுங்க.”

சிரித்துக்கொண்டே படத்தை ஓடவிட்டான். சுருங்கிப்போன பழைய பிலிம் அது. நடுவில் நிறுத்தினால் கிழிந்துவிடும், ஓடத் தொடங்கினால் முடியும்வரை ஓட வேண்டும். அது அவன் வைத்த விதிதான்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், மாத்திர மேல சமையக்கட்டுல இருக்கு... எடுத்துட்டு வாடா.”

வெட்டிய காட்சி இருபதாவது நிமிடத்தில் தொடங்குகிறது. தபால்காரர் ஒரு விதவையின் வீட்டுப் படியில் அவளோடு உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசவே மாட்டார்கள். அதனால்தான் வெட்டினார்கள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ, அந்த எடம் வந்துருச்சு” என்றேன்.

“வெளயாடாத வெர்னன்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காட்சி முடிந்தது. இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. பாதியில் விட்ட நேரக்கணக்கு எதற்கும் உதவாது. பிலிமின் வால் சக்கரத்தில் படபடவென்று அடித்தபோது கடிகாரத்தை நிறுத்தினேன். இருபத்தைந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி. முழுப் பிரதி. ஹார்லனிடம் சொன்னேன். பதில் வராததால் மேலே போய், மாத்திரையைத் தேடாமல், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

பிறகு நீதான் சுருளைக் கம்பெனிக்குக் கொடுத்தாய். ஒரு நொடியும் வெட்டாமல், உன் அப்பாவின் நினைவுக்கென்று கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டார்கள். பாராட்டி எழுதினேன். ஆனால் அந்தப் படிக்கட்டுக் காட்சியில், இருவரும் மௌனமாக இருக்கும் இடத்தில், யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்கிறது. வீட்டிலுள்ள மூன்று கருவிகளிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒலியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

‘நான்கு முறை கேட்டோம், அப்படி ஒரு சத்தமே இல்லை’ என்று கம்பெனிக்காரர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான், மார்லா. தன் மேல் தவறு என்று ஒத்துக்கொள்ள ஒருவனுக்கும் மனம் வராது.