பல்லின் அடக்க விலை

கடைக்காரர்: ஒரு சிரிப்போட விலை மூணு லட்சத்து நாப்பதாயிரமா, டாக்டர்?

டாக்டர்: சிரிப்பு இலவசம், முதலாளி. பல்லுக்குத்தான் காசு.

கடைக்காரர்: நாலே நாலு முன்பல்லு! நீங்க வைக்கப்போறதும் பீங்கான், நான் விக்கிறதும் பீங்கான். இந்தக் காசுக்கு ஒரு பெரிய ஓட்டலுக்கே தட்டும் கோப்பையும் இறக்கிக் குடுப்பேன்.

டாக்டர்: குடுங்க. அம்மா வாயில கோப்பை நிக்குதான்னு பாப்போம்.

மனைவி: ம்ம்ம்!

டாக்டர்: அம்மா, பேசாதீங்க. உடைஞ்ச வேரை இப்பத்தான் எடுத்திருக்கேன். பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோங்க. அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது.

கடைக்காரர்: அரை மணி நேரமா! இந்தப் பஞ்சுக்குத் தனியா எவ்வளவு? ஒரு மூட்டை வாங்கிட்டுப் போறேன்.

மனைவி: ம்ஹூம்...

டாக்டர்: முறைக்கிறாங்க.

கடைக்காரர்: அது முப்பத்தோரு வருஷமா வர்றது. விடுங்க. இந்தத் தாளைப் பாருங்க. வெளிநாட்டுல ஒரு பல் ஆஸ்பத்திரி. இதே நாலு பல்லு... எவ்வளவுங்கறீங்க? ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்! இன்னைக்கு ஆறு மணிக்குள்ள முன்பணம் கட்டினா இந்த விலை. தவறினா கூடும். மணி இப்ப அஞ்சே கால்.

டாக்டர்: நல்ல விலைதான். போயிட்டு வாங்க.

கடைக்காரர்: என்ன இது? கிராக்கி எழுந்து போறான், கையப் புடிச்சு இழுக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் எப்படித்தான் கடை நடத்துறீங்களோ.

டாக்டர்: இழுக்கல. ஆனா எனக்கு ஒரு ஆசை, முதலாளி. என்கிட்ட விலை கேட்டுட்டு எத்தனையோ பேரு பல்லுக்காக ஃபிளைட் ஏறியிருக்காங்க. திரும்பி வந்து, மொத்தம் இவ்வளவு ஆச்சுன்னு உண்மையச் சொன்னவங்க ஒருத்தர் கிடையாது. அது எவ்வளவுதான் ஆகுதுன்னு... ரொம்ப நாளாத் தெரிஞ்சுக்கணும்.

கடைக்காரர்: தெரியாம நான் ஏறுவேனா? வாங்கின விலை வேற, அடக்க விலை வேற. துறைமுகத்துல சரக்கு ஒரு விலை. லாரி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, உடைசல் எல்லாம் போட்டு அலமாரியில நிக்கும்போதுதான் அது விலை. இதோ, உங்க விலைச்சீட்டுப் பின்னாலேயே எழுதிட்டேன்.

டாக்டர்: அப்ப அம்மா பல்லும் அலமாரியில நிக்கிற வரைக்கும் எழுதுவோம். சொல்லுங்க.

கடைக்காரர்: ஃபிளைட்டு. போக வர ஆளுக்கு இருபத்திரண்டாயிரம். ரெண்டு பேருக்கு நாப்பத்து நாலு.

டாக்டர்: ரெண்டு தடவைக்கு எண்பத்தெட்டு.

கடைக்காரர்: ரெண்டு தடவையா? எதுக்கு?

டாக்டர்: முதல் தடவை எலும்புல ரெண்டு ஸ்க்ரூ இறக்குவாங்க. எலும்பு அதைப் புடிச்சுக்க நாலு மாசமாவது ஆகும். அப்புறம்தான் அது மேல பல்லைக் கட்டணும். அங்கயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்.

கடைக்காரர்: எலும்புக்கு ரெண்டாயிரம் சேத்துக் குடுத்தா சீக்கிரம் புடிக்காதா?

டாக்டர்: எலும்பு லஞ்சம் வாங்காது.

கடைக்காரர்: சரி... எண்பத்தெட்டு. ஆக ரெண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரம். இன்னும் உங்களை விடக் கம்மி.

டாக்டர்: தங்கறது?

கடைக்காரர்: ராத்திரிக்கு மூவாயிரம். முதல் தடவை ஒன்பது, அடுத்த தடவை... அவன் எத்தனை நாள்ல கட்டுவான்?

டாக்டர்: அளவெடுத்து, செஞ்சு, மாட்டிப் பாத்து... ஏழு நாள் வைங்க. ஆனா முதல் தடவைக்கு அஞ்சு போதுமே. ஏன் ஒன்பது?

கடைக்காரர்: ஒரு... ஒரு ஜாக்கிரதைக்கு. வீங்கிச்சுன்னா?

டாக்டர்: அஞ்சு நாள்ல வத்திடும்.

கடைக்காரர்: அவளுக்கு மெதுவாத்தான் வத்தும். கோபமே மூணு நாள் இருக்கும். பதினாறு ராத்திரி, நாப்பத்தெட்டாயிரம். ஆக மூணு இருபத்தாறு. பாத்தீங்களா, அப்பவும் கம்மி!

டாக்டர்: விசா?

கடைக்காரர்: தடவைக்கு ஆளுக்கு மூணாயிரம். அப்ப பன்னெண்டு. மூணு முப்பத்தெட்டு. ஹா! ரெண்டாயிரம் லாபம். முடிச்சுக்கலாம்.

டாக்டர்: இன்ஷூரன்ஸ்? காசு மாத்துற கமிஷன்? கார்டு தேச்சா பேங்க்காரன் எடுக்கறது?

கடைக்காரர்: ...எல்லாம் சேத்து ஒரு பத்து போடுங்க.

டாக்டர்: மூணு நாப்பத்தெட்டு. சாப்பாடு, டாக்ஸி?

கடைக்காரர்: வாயில தையல் போட்டிருக்கறவ என்னத்த சாப்பிடுவா?

டாக்டர்: நீங்க சாப்பிடுவீங்கல்ல.

மனைவி: ம்ம். ம்ம். ம்ம்.

டாக்டர்: அம்மா மூணு தடவை தலையாட்டுறாங்க. மூணு வேளை.

கடைக்காரர்: நாளைக்கு ஆயிரத்து ஐநூறு, பதினாறு நாள், இருபத்து நாலாயிரம். மூணு எழுபத்திரண்டு. எழுதுங்க, எழுதுங்க. கை நல்லா ஓடுதே உங்களுக்கு.

டாக்டர்: உடைசல் போடலையே. அந்த ஸ்க்ரூ ஒண்ணு ஆடிப் போச்சுன்னா, பல்லு மூலையில சில்லு விட்டுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

கடைக்காரர்: உங்ககிட்ட ஓடி வருவேன்.

டாக்டர்: எவன் எந்தக் கம்பெனி ஸ்க்ரூவ இறக்கினானோ, அதுக்கு ஏத்த சாவி என்கிட்ட இருக்கணும். இல்லேன்னா கை வைக்க மாட்டேன். கேரண்டியும் அங்க போனாத்தான் செல்லும்.

கடைக்காரர்: அப்ப ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட் உடைசல்ல போடுங்க. இருபத்திரண்டு. மூணு தொண்ணூத்து நாலு. இவ பல்லு உடைஞ்சதும் சரக்கு உடைசல்லதானே...

டாக்டர்: அம்மா பல்லு எப்படிப் போச்சுன்னு நான் கேக்கவே இல்ல. கீழ விழுந்தாங்கன்னு மட்டும் கார்டுல இருக்கு.

கடைக்காரர்: ரெண்டு வருஷமாச்சு. பரண்லேர்ந்து பெட்டி இறக்கினா. ஏணி சறுக்கிச்சு. பெட்டிய விட்டுட்டுக் கம்பியப் புடிக்க வேண்டியதுதானே? பெட்டியக் கட்டிக்கிட்டு விழுந்தா. இருபத்து நாலு கோப்பை, ஒண்ணுகூட விரிசல் விடல.

டாக்டர்: பல்லு?

கடைக்காரர்: அதான் பாக்கறீங்களே. கழட்டி மாட்டுற செட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அது டப்பாவுலயே சிரிச்சுக்கிட்டு இருக்கு. அன்னையிலேர்ந்து இவ கல்லாவுல உக்காரல. பின்னாடி கோடவுன்ல சரக்கு பிரிக்கிறா. யாராவது வந்தா கையால வாயப் பொத்திக்கிறா. வர்றவன் எல்லாம், அம்மா எங்கேங்கறான். என் மூஞ்சியப் பாத்து எவன் டீ செட் வாங்குவான், டாக்டர்?

மனைவி: ம்...

டாக்டர்: அம்மா, கண்ணத் தொடைக்கலாம், வாய மட்டும் திறக்காதீங்க. முதலாளி, கடைன்னதும் ஞாபகம் வருது. பதினாறு நாள் கடையை யாரு பாப்பா?

கடைக்காரர்: அதை எழுத வேண்டாம்.

டாக்டர்: ஏன்?

கடைக்காரர்: பூட்டிட்டுப் போவோம். அது கணக்குல வராது.

டாக்டர்: கடை பூட்டினா உங்களுக்கு நஷ்டம் எவ்வளவுன்னு...

கடைக்காரர்: நாளைக்கு நாலாயிரம். வேண்டாம்னேன்ல!

டாக்டர்: அறுபத்து நாலாயிரம். ஆக நாலு ஐம்பத்தெட்டு. ஒரு விஷயம் புரியல. நீங்க லாரிக்காரன்கிட்ட டீக்காசு வரைக்கும் கழிக்கிற ஆளு. உங்க தெருவுல வெள்ளம் வந்தப்பகூட முழங்கால் தண்ணியில நின்னு வியாபாரம் பண்ணினீங்க. அறுபத்து நாலாயிரத்தைக் கண்ண மூடிக்கிட்டு விடறீங்க?

கடைக்காரர்: மணி ஓடுது, கணக்க முடிங்க.

டாக்டர்: ஒன்பது நாளையும் குறைக்க மாட்டேங்கறீங்க. சரி, இது என்ன... மூலையில, எறும்பு மாதிரி பொடி எழுத்துல? "படகு, ரெண்டு பேர், ஆறாயிரம்."

கடைக்காரர்: அது... பல்லு புடுங்கினா உப்புத்தண்ணியில கொப்புளிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.

டாக்டர்: அதுக்குக் கடலுக்கேவா போகணும்?

கடைக்காரர்: ஒரு கல்லு உப்பு எவ்வளவு விக்கிது தெரியுமா?

டாக்டர்: நாலு அறுபத்து நாலு ஆச்சு, முதலாளி. என் விலையை விட ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் கூட. இவ்வளவு தெளிவா நஷ்டம் தெரிஞ்சும் நீங்க அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வைக்கிறீங்க. எதுக்கு அந்த ஊரு?

கடைக்காரர்: இவளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் பஞ்சு?

டாக்டர்: பத்து நிமிஷம்.

கடைக்காரர்: அப்ப இப்பவே சொல்லிடறேன். இப்ப விட்டா நான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்க மறுபடி எப்ப வாய்ப்பு வரப்போகுது... எங்க சரக்கு வர்ற ஊரு டாக்டர் அது.

டாக்டர்: ஓ!

கடைக்காரர்: பெட்டிக்குள்ள, கோப்பைக்குக் கோப்பை அந்த ஊருப் பழைய பேப்பரச் சுருட்டி வச்சிருப்பான். நான் குப்பையில போடச் சொல்லுவேன். இவ ஒவ்வொண்ணா எடுத்து, தொடையில வச்சு நீவி, பாத்துட்டுத்தான் போடுவா. எழுத்து ஒண்ணும் புரியாது. படம் மட்டும். ஒரு தடவ ஒரு பெரிய பாலத்தோட படம். "இந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?"னு கேட்டா.

டாக்டர்: நீங்க என்ன சொன்னீங்க?

கடைக்காரர்: "டோல்கேட் இருக்கும்"னேன்.

டாக்டர்: அடப்பாவமே.

கடைக்காரர்: அவ அதுக்குப் பதிலே பேசல. அப்ப வாயில பஞ்சுகூட இல்ல.

டாக்டர்: சரிங்க, ஆசைன்னா கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே. பல்லை ஏன் இழுக்கணும்?

கடைக்காரர்: எந்தத் தலைப்புல எழுதறது?

டாக்டர்: தலைப்பா?

கடைக்காரர்: எங்கப்பா காலத்துலேர்ந்து பேரேடு ஒண்ணுதான். ஒரு ரூபா போனாலும் ஒரு தலைப்புக்குக் கீழதான் போகணும். லாரி வாடகை, கூலி, உடைசல், வைத்தியம். பெண்டாட்டி பாலம் பாக்கறதுக்குத் தலைப்பு கிடையாது டாக்டர். தலைப்பு இல்லாத செலவ எழுதக் கை வராது. பத்து வருஷமா யோசிச்சேன். வைத்தியச் செலவுன்னா... கை எழுதிடும்.

டாக்டர்: அதுக்காக ஒண்ணேகால் லட்சம் நஷ்டமா!

கடைக்காரர்: தலைப்போட வர்ற நஷ்டம் நஷ்டமில்ல. சரி, அஞ்சே முக்கால் ஆகப்போகுது. முன்பணத்தக் கட்டிடவா?

டாக்டர்: பாஸ்போர்ட் இருக்கா ரெண்டு பேருக்கும்?

கடைக்காரர்: எனக்குப் போன மாசம் எடுத்தேன். திருட்டுத்தனமா. இவளுக்கு எடுக்கணும்னா சொல்லியாகணுமே... அதான் நிக்குது.

டாக்டர்: அம்மா, நேரமாச்சு. துப்பிடுங்க. மெதுவா... ரத்தம் நின்னிருக்கு. மரத்துப் போயிருக்கும், பேச்சு கொஞ்சம் குழறும். பரவாயில்ல.

மனைவி: டாக்டர்... நான் உங்ககிட்ட வச்சுட்டுப் போன ரசீது எங்க?

டாக்டர்: மேஜை டிராயர்லதாம்மா இருக்கு.

கடைக்காரர்: என்ன ரசீது?

மனைவி: போன செவ்வாய்க்கிழமை நான் தனியா வந்தேன். பல்லை இங்கயே கட்டறதுன்னு பேசி முடிச்சு முன்பணம் கட்டிட்டேன். மூணு பத்துக்கு.

கடைக்காரர்: மூணு லட்சத்துப் பத்தாயிரமா? என்கிட்ட மூணு நாப்பதுன்னாரே!

டாக்டர்: நீங்க விலை கேட்டீங்க, முதலாளி. அம்மா ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினாங்க. வாயப் பொத்திக்கிட்டே. என்னால தாங்க முடியல.

கடைக்காரர்: அதான் அவ்வளவு சாவகாசமா எனக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தீங்களா! அப்ப... அந்த ஊரு வேண்டாமா உனக்கு?

மனைவி: யாரு வேண்டாம்னா? பாஸ்போர்ட் எடுத்து நாலு வருஷமாச்சு. விக்காத சூப் கிண்ணத்துக்குள்ள வச்சிருக்கேன், நீங்க அந்த அலமாரிப் பக்கமே வரமாட்டீங்க. ஸ்க்ரூ இறக்கிட்டு எலும்பு புடிக்கிற நாலு மாசத்துல ஒரு ஒன்பது நாள் போயிட்டு வருவோம். ஒரே தடவை. ஃபிளைட்டு, ரூம், விசா, சாப்பாடு, படகு எல்லாம் சேத்து ஒரு லட்சம். கடை பூட்டற ஒன்பது நாளுக்கு முப்பத்தாறாயிரம். பல்லோட கூட்டினாலும் உங்க நாலு அறுபத்து நாலை விடப் பதினெட்டாயிரம் மிச்சம்.

கடைக்காரர்: அதெல்லாம் சரிடி... ஆனா அந்த ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம்? எந்தத் தலைப்புல?

மனைவி: சம்பள பாக்கின்னு எழுதுங்க. கல்லாவுலயும் கோடவுன்லயும் முப்பத்தோரு வருஷம். மாசம் பத்தாயிரம்னு குறைச்சே போட்டாலும் முப்பத்தேழு லட்சத்து இருபதாயிரம். அதுல ஒண்ணு முப்பத்தாறைக் கழிச்சுட்டு, மீதி முப்பத்தஞ்சு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தை என் பேருல அப்படியே நிக்க விடுங்க.