வாள்க தமிள்

காபி வேணாம் சிஸ்டர், டீயே போதும். காபி குடிச்சா எனக்கு நெஞ்சு எரியுது. தலைமையாசிரியைங்கிற முறையில விளக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. நான் பேசுறேன், போன்ல பதிஞ்சுக்கங்க. ஒளிக்க ஒண்ணும் இல்ல.

நம்ம ஸ்கூல் கேட்ல தமிழ் வாத்தியார் ஹாலாஸ்யம்னு கேட்டா வாட்ச்மேன் முழிப்பாரு. ரீமிக்ஸ் ஐயான்னா வகுப்பு வரைக்கும் கொண்டாந்து விடுவாரு. அந்தப் பேரு சும்மா வரல. இலக்கணம்னாலே கொட்டாவி விடுற பிள்ளைகளுக்காக, சினிமாவுல ரௌடி அருவாளை ஓங்குற சீனை எடுத்து வசனத்தை மட்டும் மாத்தினேன். நாலாம் வேற்றுமை உருபு என்னடான்னு ரௌடி மிரட்டுவான். கீழ கெடக்குறவன் 'கு, அண்ணே, கு'ன்னு அழுவான். ஸ்மார்ட் போர்டுல போட்டதும் பெஞ்சே ஆடும். பரீட்சையில அம்புட்டுப் பேரும் 'கு'ன்னு எழுதிட்டாங்க, மூணாம் வேற்றுமைக்கும் சேத்து.

அடுத்தது ழகரம். நம்ம ஊர்ல பழத்தைப் 'பளம்'பாங்க. எம்புட்டுச் சொன்னாலும் நாக்கு வளையாது. சொன்னா ஏறாது சிஸ்டர், சிரிச்சாத்தான் ஏறும்.

ரோகிணியோட ஒத்திகையை நான்தான் படம் பிடிச்சேன். பழங்காநத்தத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுற நல்லகாமன் மக. மாவட்டப் பேச்சுப்போட்டிக்கு நீங்களே தேர்ந்தெடுத்த பிள்ளை. கடைசியில கையை உயர்த்தி முடிப்பாளே, அந்த இடத்தை எடுத்து, 'வாள்க தமிள், வாள்க தமிள்'னு திரும்பத் திரும்ப வர்ற மாதிரி குத்துப்பாட்டு அடியில ஏத்தி, நடுவுல ஆடு கத்துற சத்தம் வச்சேன். ஆடு நல்லா எடுபட்டுச்சு.

வகுப்புல போட்டுக் காட்டினப்ப அவளும் மொதல்ல சிரிச்சா. அதை நீங்க குறிச்சுக்கணும். அப்புறந்தான், நான் அப்படிச் சொல்லலையேன்னா. எங்க காதால கேட்டோமேன்னு பிள்ளைக மறுபடி சிரிச்சுச்சுக. கொஞ்ச நேரத்துல அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு. வகுப்பு குரூப்புல நான்தான் போட்டேன். அங்கேயிருந்து ஆனையூர், கே.கே. நகர்னு அது ஊர் சுத்தினதுக்கு நான் பொறுப்பில்ல. காலேஜ் பையங்க ஆட்டோவுல ஏறி அவ அப்பாகிட்டயே 'வாள்க தமிள்'னு வணக்கம் வச்சாங்களாம். பையங்கன்னா அப்படித்தான்.

நேத்து நல்லகாமன் வந்தாரு. சத்தமெல்லாம் போடல. "ஐயா, தண்ணி வேணும்னாக்கூடப் பிள்ளை கையைத்தான் காட்டுது. வெள்ளிக்கிழமை போட்டி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் பேசும்"னாரு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. பயிற்சி போதாதுன்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

இப்ப மூல வீடியோவைப் போட்டுப் பாத்துட்டு, இதுல 'வாழ்க தமிழ்'னு கணீர்னு இருக்கேன்னு கேக்குறீங்க. ஆமா. அவ தப்பாச் சொல்லல. வகுப்புலயே ழகரம் சுத்தமா வர்ற ஒரே பிள்ளை அவதான். ஆனா சரியாச் சொன்னா எவன் சிரிப்பான்? பாடத்துக்கு ஒரு தப்பு வேணும்ல. தப்பாச் சொல்ற பிள்ளைகள்ல ஒண்ணை எடுத்திருக்கலாமேம்பீங்க. பாவம், அதுக மனசு கஷ்டப்படும்.

பல்செட்டு கட்டினதுல இருந்து எனக்கு நாக்கு சில சமயம் சொன்னபடி கேக்குறதில்ல. அந்த வீடியோ பண்றதுக்கு முந்தி ஒருநாள் பாடத்தை முடிக்கையில என் வாயிலயே 'வாள்க தமிள்'னு வந்துருச்சு. ரோகிணி எந்திரிச்சு, மரியாதையாத்தான், "ஐயா, வாழ்க"ன்னா. பிள்ளைக சிரிச்சுச்சுக. சின்ன விஷயம். அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு நான் இல்ல.

வீடியோவுல அந்த ளகரம் எங்கேயிருந்து வந்துச்சுன்னுதானே கேக்குறீங்க. அன்னைக்குப் பதிஞ்ச என் பாட வீடியோவுல இருந்துதான். என் குரல். கொஞ்சம் சுருதி ஏத்தினா பொம்பளைப்பிள்ளை குரல் மாதிரியே இருக்கு.

டீ ஆறிப்போச்சு, பரவாயில்ல. பலனையும் பாக்கணும் சிஸ்டர். அந்த வீடியோவுக்கு அப்புறம் என் ழகரத்துல ஒரு தப்பும் வர்றதில்ல. வந்திருந்தா வகுப்புல யாராச்சும் எந்திரிச்சுச் சொல்லியிருப்பாங்கல்ல.