கிழக்கு காலரி தாழ்ந்த அளவு

கட்டட வேலை மாலை வகுப்பில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பென்சில் சீவுவது. கோடு போடும் பென்சிலுக்கு உளி முனை, எண் எழுதும் பென்சிலுக்கு ஊசி முனை. எனக்கு அது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் அங்கே வந்ததுதான். பார்த்ததை மணியோடு எழுது, நினைத்ததை எழுதாதே என்பார் வாத்தியார் ஞானசிங். ஆகவே, ஐயா, இந்த வாக்குமூலத்தில் உள்ள மணி, அளவு எல்லாம் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. நினைத்ததைத்தான் இப்போது புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் இன்பசேகரன். வயது இருபத்திரண்டு. சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவன். இந்த 1938ஆம் வருஷம் ஜனவரியில், விளையாட்டுப் போட்டிக் கமிட்டியில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பதினோரு ஜில்லாக்காரர்கள் சித்தூர் மைதானத்துக்கு ஓடவும் தாண்டவும் வரப்போகிறார்கள். அத்தனை பேர் தங்க இங்கே இடமில்லை. பாதிப் பேரைத் திருப்பதிச் சத்திரங்களில் தங்கவைத்து, தினமும் பஸ்ஸில் கொண்டுவந்து திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. பஸ்கள் எதிரும் புதிருமாகப் போக ஸ்டேஷன் ரோடு போதாது என்று ரோட்டோரக் குடிசைகள் முப்பத்தாறையும் பிரித்தார்கள். அந்தப் பட்டியலை எழுதியவன் நான். பலமனேர் வரையில் இருந்த மாட்டு வண்டிகளையெல்லாம் அந்த ரோட்டுக்குக் கப்பிக்கல் அடிக்கப் பிடித்துவிட்டார்கள்.

மைதானத்தின் கிழக்கே ஜனங்கள் உட்கார ஒரு காலரி கட்டினார்கள். சவுக்குக் கட்டை நட்டு, கயிற்றால் பிணைத்து, மேலே பலகை போட்ட ஏழு படி. கட்டியவர் பிச்சாட்டூர் பாலையா. தேர், பந்தல் என்று முப்பது வருஷமாகச் சாரம் கட்டுகிறவர். தேங்காய்நார்க் கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு கட்டுவார். ஒரு நாள் முழுக்க வெயில் பட்டுக் காய்ந்தால் கயிறு சுருங்கி, கட்டையைக் கடித்துக்கொள்ளும். காயாத வரைக்கும் அது வெறும் முடிச்சுதான். இதை அவரே எனக்குச் சொன்னார், ஜனவரி இருபத்தெட்டாம் தேதி. நாட்குறிப்பில் இருக்கிறது.

பிப்ரவரி மூன்று, வியாழக்கிழமை. மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. காலரியில் ஆளுக்கு நூற்று நாற்பது ராத்தல் வீதம் மண் மூட்டை அடுக்கி, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகே ஜனங்களை ஏற்றலாம் என்பது விதி. நீவா ஆற்று மணல் ஒரு மைலில் கிடக்கிறது. கொண்டுவர ஒரு வண்டிகூட இல்லை. ஓவர்சியர் வேதாச்சலம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“வண்டி லேது, மண்ணு லேது. டெஸ்ட்டு மட்டும் வேணுமாம். நீயும் நானும் போய் மேல குந்திக்கலாமாய்யா?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதன் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு வருகிறான். வண்டி வேண்டாம். குடிசை பிரிக்கப்பட்ட ஜனங்கள் மைதானத்து வேலியோரம் வேப்பமரத்தடியில் சும்மாதான் இருந்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம் சோறு கொடுத்தால் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். இதை நான் சொன்னபோது ஓவர்சியர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“நல்லா யோசிக்கிறய்யா நீ” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் நான் மறைக்கக் கூடாது.

திருப்பதி பஸ்களை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார். நடுக் கட்டையில் ஒரு அடிக்கோலை ஆணியடித்து, மேல் பலகையிலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிடச் சொன்னார். பலகை எவ்வளவு தாழ்கிறது என்று நூல் காட்டும். ஒரு அங்குலம் தாண்டினால் எல்லாரையும் இறக்கிவிடு என்றார். கீழே நிற்க நான் ஒருவன் போதும்.

பாலையா குறுக்கே வந்தார்.

“தம்பி, இந்தப் பக்கத்துக் கட்டு காலைலதான் போட்டேன். தொட்டுப் பாரு, இன்னும் சொட்டிக்கினு கீது. நாளை சாயங்காலம் வரைக்கும் டைம் குடு.”

“நாளைக் காலையில் அதிகாரிகள் வருகிறார்கள்.”

“வரட்டும். அவங்கள நிக்கவெச்சுப் பேசு. நீ காகிதத்துல எழுதறதெல்லாம் கயித்துக்குத் தெரியுமா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. எனக்கு எப்போதும் என் மேலேயே சந்தேகம். கணக்கை மூன்று தடவை போடுகிறவன் நான். அன்று மட்டும் ஒரே தடவையில் உத்தரவு கொடுத்தேன். பாலையாவைச் சாப்பிட அனுப்பினேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் பதினாறு பேர். சந்தோஷமாகவே ஏறினார்கள். பொன்னியம்மா என்ற பெண் மேல் படியில் உட்கார்ந்து கீழே பார்த்துக் கத்தினாள்.

“இன்னா நைனா, எங்க குடிசையப் பிரிச்சிட்டு மாடி கட்டிக் குடுத்துட்டியா?”

“கூரைய மறந்துட்டாங்கடி” என்றார் பக்கத்தில் இருந்த கிருஷ்ணப்பா. அவருக்கு ஒரு கால் விந்தல். இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள்.

“குந்திக்கினு துன்னச் சொல்றாங்க தாத்தா. கூரை கேக்கற நீ.”

நாலு மணிக்கு நூல் அரை அங்குலம் காட்டியது. நாலு பத்துக்கு முக்கால். நாலு பதினாறுக்கு ஒன்றே கால்.

இங்கேதான் நான் நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றே கால் என்பது ஒன்றைவிட அதிகம். அதைத் தெரிந்துகொள்ள மாலை வகுப்பு வேண்டாம். ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் தேக்குக்கு அளவு இருக்கிறது, சால் மரத்துக்கு இருக்கிறது, நம் ஊர்ச் சவுக்குக்கு இல்லை. எவ்வளவு தாழ்ந்த பிறகு விடும் என்று யாரும் பார்த்து எழுதியதில்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் அது நடந்துகொண்டிருந்தது. நான் எண்ணை எழுதினேன். நாலு இருபதுக்கு ஒன்றே முக்கால். எழுதினேன். பலகைக்கு அடியில் ஈரக் கயிறு நழுவும் சத்தம் கேட்டது.

மேலிருந்து பொன்னியம்மா கூப்பிட்டாள். குரலில் இப்போது கேலி இல்லை.

“நைனா, கீழ இன்னாவோ கிர்ருங்குது. எறங்கிடலாமா?”

“இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள்” என்றேன்.

அவர்கள் அசையாமல் இருந்தார்கள். பேச்சைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். நான் கேட்டதால் அப்படி இருந்தார்கள்.

நாலு இருபத்து நாலுக்கு இரண்டே அரைக்கால் அங்குலம். அதை எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

இறந்தவர்கள் மூன்று பேர். பொன்னியம்மா, கிருஷ்ணப்பா, பிறகு ஒரு கைக்குழந்தை. குழந்தையை நான் எடையில் சேர்க்கவில்லை. பெயரும் கேட்டுவைக்கவில்லை. கை கால் முறிந்து காயம்பட்டவர்கள் பத்தொன்பது பேர். பாலையா எச்சில் கையோடு ஓடிவந்து கட்டைகளைத் தூக்கினார். நான் அடிக்கோலைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்த அதிகாரிகளைக் காலரிப் பக்கம் விடவில்லை. மூன்று நாளில் அதைத் திரும்பக் கட்டினார்கள். கயிறு காய நேரம் இருந்தது. போட்டி நடந்தது. பஸ்கள் நேரத்துக்கு வந்தன. ஏற்பாடுகளைப் பத்திரிகைகள் பாராட்டின. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

கேஸ் ஏப்ரலில் நடந்தது. கட்டியவர் மேல்தான் குற்றம். கூண்டில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: கயிறு தளர்ந்திருந்ததா? தளர்ந்திருந்தது என்றேன். அது உண்மை. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பாலையா என்னை உற்றுப் பார்த்தார். “தம்பிக்கு எல்லாம் தெரியும், அது எழுதி வெச்சிருக்குது, அதைக் கேளுங்க சாமி” என்று ஒருமுறை சொன்னார். அவருடைய வக்கீலே அவரை உட்காரச் சொன்னார். ஆறு மாதம் வேலூர் ஜெயில்.

அன்று முதல் சபையில் இராப்போஜன அப்பம் வாங்க நான் எழுந்து போவதில்லை. காய்ச்சல் என்றேன், பல்வலி என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வரிசையில் போவதைப் பார்ப்பேன். என் அம்மா மேரி திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அவளிடமும் சொல்லவில்லை.

சோறு கொடுத்து மேலே ஏற்றியது நான். கட்டு காயவில்லை என்று தெரிந்தே ஏற்றினேன். ஒரு அங்குலத்துக்குப் பிறகு எட்டு நிமிஷம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் இறங்க நாலு நிமிஷம் போதும். திரும்பக் கட்டிய காலரியில், போட்டி நாளில், அதே அளவு ஆட்கள் இறங்கியதை மணி வைத்துப் பார்த்திருக்கிறேன். பாலையா மேல் தவறு எதுவும் இல்லை.

ஐயா, இந்த வாக்குமூலத்தை முதலில் எழுதியது தீர்ப்பான அதே வாரம். அப்போது என் கைக்கடிகாரம் ஸ்டேஷன் கடிகாரத்தைவிட இரண்டு நிமிஷம் முந்துவதைக் கவனித்தேன். மணிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. பிறகு படிகளின் உயரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பிறகு காயம்பட்டவர் பத்தொன்பதா, இருபதா என்று ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பிழையோடு ஒரு காகிதத்தைக் மாஜிஸ்திரேட் கச்சேரியில் கொடுப்பது முறையல்ல. இது ஒன்பதாவது பிரதி, இதில் அடித்தல் திருத்தல் இல்லை.

பாலையா நாளைக் காலை ஏழு மணிக்கு விடுதலையாகிறார். இதை இன்று மாலை நானே கொண்டுவந்து தருகிறேன். அவர் இன்னும் உள்ளே இருக்கும்போதே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதற்கு, இதன் கீழே போடும் இன்றைய தேதியே சாட்சி.